பந்தயத்தை மட்டும் வெட்டி எடுத்தால் போதுமா?

கார் பந்தயப் படங்களின் கதை 1966இல் வந்த 'கிராண்ட் பிரீ'யில்தான் தொடங்குகிறது என்று நம்புகிறவர்கள் ஏராளம். ஜான் ஃபிராங்கன்ஹைமர் 70 மி.மீ. அகலத்திரையில் எடுத்த அந்தப் படமும், 1971இல் ஸ்டீவ் மெக்குவீன் நடித்து வந்த 'லு மான்' படமும்தான் அசல்; அவற்றுக்கு முன்னால் வந்தவை, அதிலும் பேசும்படம் பிறந்த முதல் பத்தாண்டில் வந்தவை, வெறும் ஒப்பேற்றல் என்பது அவர்கள் தீர்ப்பு. திரைப்பட ரசிகர்களும் இதைச் சொல்கிறார்கள், மோட்டார் வரலாற்றில் ஊறியவர்களும் சொல்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒத்துப்போவதால் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை.

அவர்கள் வாதத்தை முழுதாகவே வைத்துப் பார்க்கலாம். முதலில் கதை. எல்லாப் படத்திலும் ஒன்றுதான்: புகழ்பெற்ற ஓட்டுநர் ஒருவன், அவனைப் பார்த்துப் பந்தயத்துக்கு வரும் தம்பியோ போட்டியாளனோ ஒருவன், நடுவில் ஒரு பெண், குடி, விபத்து, ஒரு சாவு, மனம் உடைதல், கடைசிச் சுற்றில் மீட்சி. அடுத்தது படமாக்கம். ஸ்டூடியோவுக்குள் நகராமல் நிற்கும் காரில் நடிகர் உட்கார்ந்து ஸ்டியரிங்கை உலுக்குவார். முதுகுக்குப் பின்னால் திரையில் பாதை ஓடும். ஒலியோ எந்தக் காருக்கும் ஒரே உறுமல். தேறுவது நிஜமான பந்தயக் களத்தில் எடுத்த சில நிமிடங்கள் மட்டுமே. அவற்றை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டால் போதும். அதற்கும் அந்தக் காலச் செய்திப்படங்கள் இருக்கின்றன. ஆகவே இந்தப் படங்களின் பிரின்ட்டையும் லாபி கார்டையும் தேடி அலைகிற சேகரிப்பாளர்கள் பழங்காலத்தில் மயங்கியவர்கள், இல்லையென்றால் விலை ஏறும் என்று வாங்கிப் பதுக்குகிறவர்கள்.

ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வந்து சேரும் முடிவுதான் தவறு. அந்த முடிவின்படி நடந்தால் போகிற பொருள் திரும்பி வராது என்பதால் இதைக் கருத்து வேறுபாடு என்று விட்டுவிடவும் முடியாது.

1. கதை ஒரே அச்சு என்றால், அந்த அச்சு எங்கே வார்க்கப்பட்டது?

இந்த வகையின் தலைப்படம் என்று சொல்லத்தக்கது வார்னர் பிரதர்ஸின் 'தி க்ரவுட் ரோர்ஸ்'. ஆண்டு 1932, நாயகன் ஜேம்ஸ் காக்னி. இயக்கிய ஹாவர்ட் ஹாக்ஸ் இண்டியானா மாநிலத்தில் பிறந்தவர், இளமையில் தானே பந்தயக் கார் ஓட்டியவர். மேலே சொன்ன அச்சுக் கதை அப்படியே இதில் இருக்கிறது. ஆனால் படத்தின் நடுவில் வரும் அந்தச் சாவை எத்தனை பேர் ஊன்றிப் பார்த்தார்கள்? குடித்துவிட்டு வண்டியேறிய ஜோ கிரியர் (காக்னி) தன் தம்பியோடு மோதப் பார்க்கிறான். இருவரையும் விலக்கிவிட ஸ்பட் என்ற நண்பன் தன் காரை நடுவில் கொண்டுவருகிறான். ஜோவின் கார் அவன் காரை இடிக்கிறது; அது கவிழ்ந்து தீப்பிடிக்கிறது. பந்தயம் நிற்கவில்லை. மற்றவர்கள் அடுத்த சுற்றில் அதே இடத்தைக் கடக்கிறார்கள், அதற்கடுத்த சுற்றிலும் கடக்கிறார்கள். எரிகிற வாடை தாங்காமல் அவர்கள் முகம் சுளிப்பதை, மூக்கை மூடுவதை ஹாக்ஸ் ஒவ்வொருவராகக் காட்டுகிறார். காக்னியால் அதற்கு மேல் ஓட்ட முடியவில்லை. பந்தயத்தை விட்டு இறங்கிவிடுகிறான்.

இது கண்ணீர் வரவழைக்கக் கதாசிரியர் ஜோடித்த நிகழ்ச்சி என்பவர்கள் அந்த ஆண்டுகளின் இண்டியானாபொலிஸ் பதிவுகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும். 1930 முதல் 1937 வரை அங்கே ஒவ்வொரு காரிலும் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் உட்கார வேண்டும் என்பது விதி. அழுத்தமானிகளைப் பார்ப்பதும், பெட்ரோல் அழுத்தம் குறைந்தால் கையால் பம்ப் அடிப்பதும், டயர் தேய்வதைக் கவனிப்பதும், பின்னால் வரும் காரைப் பார்த்துச் சொல்வதும் அவர் வேலை. இடுப்புப் பட்டை கிடையாது. தலையில் துணித் தொப்பி. கெட்டித் தொப்பி கட்டாயமானது 1935இல்தான். 1930 பந்தயத்தின் 200 சுற்றுகளில் 198இல் முன்னணியில் இருந்து வென்றவர் பில்லி ஆர்னல்ட். பக்கத்தில் இருந்த மெக்கானிக் ஸ்பைடர் மேட்லாக். மறு ஆண்டு இருவரும் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோதே விபத்துக்குள்ளானார்கள். கழன்று பறந்த சக்கரம் களத்துக்கு வெளியே இருந்த பதினோரு வயதுச் சிறுவனைக் கொன்றது. 1932இல் முன்னணியில் இருந்தபோதே மறுபடி விபத்து. அதன் பிறகு ஆர்னல்ட் பந்தயத்தையே விட்டார். 1933இல் தகுதிச் சுற்றும் பந்தயமும் சேர்ந்து ஐந்து பேரைப் பலிகொண்டன.

ஆர்னல்டும் மேட்லாக்கும் 'தி க்ரவுட் ரோர்ஸ்' படத்தில் தோன்றுகிறார்கள். 1932 இண்டியானாபொலிஸ் பந்தயத்தை மணிக்கு 104.144 மைல் சராசரி வேகத்தில் வென்ற ஃபிரெட் ஃபிரேமும் தோன்றுகிறார். படத்தின் பல காட்சிகள் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த லீஜன் ஆஸ்காட் களத்தில் எடுக்கப்பட்டவை. சுற்றுக்கு எட்டில் ஐந்து பங்கு மைல், எண்ணெய் தெளித்த மண் பாதை, இருபதுக்கும் மேற்பட்ட ஓட்டுநர்களைக் காவு வாங்கிய இடம். 1936 ஜனவரி 26 அன்று அங்கே நடந்த விபத்தில் ஓட்டுநர் ஆல் கோர்டனோடு ஸ்பைடர் மேட்லாக்கும் இறந்தார். அத்துடன் அந்தக் களத்தில் பந்தயமே நின்றது. குடி, சாவு, மனம் உடைந்து விலகுதல் என்ற அந்த 'அச்சு' இந்த மனிதர்களின் வாழ்க்கையிலிருந்து வந்தது. அது பத்துப் படங்களில் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் பந்தயக் களத்தில் அது திரும்பத் திரும்ப நடந்ததுதான்.

2. பொய்க் காட்சி என்ற குற்றச்சாட்டைப் பிந்திய படங்களுக்கும் சாட்டத் தயாரா?

'கிராண்ட் பிரீ'யில் ஃபார்முலா 1 என்று நாம் பார்க்கும் கார்களில் பல, ஃபார்முலா 3 கார்களுக்கு வேடம் போட்டவை. 'லு மான்' படத்தில் நொறுங்கும் போர்ஷே, ஃபெராரி கார்களின் உடலுக்குள் இருந்தவை பழைய லோலா கார்கள். இதை யாரும் அந்தப் படங்களின் குறையாகச் சொல்வதில்லை, சொல்லவும் வேண்டாம். சினிமா என்றால் அப்படித்தான் செய்ய முடியும். அதே நியாயம் 1932க்கு மட்டும் ஏன் பொருந்தாது?

இன்னொன்றும் உண்டு. இன்று சலித்துப்போன தந்திரமாகத் தெரிகிற பேக் புரொஜெக்ஷன் அன்று புத்தம்புதிய தொழில்நுட்பம். பின்னாலிருந்து திரையில் படம் காட்டும் புரொஜெக்டரின் ஷட்டரும், முன்னாலிருந்து படம்பிடிக்கும் கேமராவின் ஷட்டரும் ஒரே கணத்தில் திறந்து மூட வேண்டும். இல்லாவிட்டால் பின்புலம் துடிக்கும். இரண்டு மோட்டார்களையும் இம்மி பிசகாமல் இணைத்து ஓட்டும் முறையும், மங்கலான வெளிச்சத்திலும் பதிவாகும் படச்சுருளும் கைக்கு வந்தது 1930ஐ ஒட்டித்தான். பேசும்படம் வந்த பிறகு இந்த முறை அவசியமும் ஆனது. கேமராவின் சத்தமே வசனத்தைக் கெடுத்த காலம் அது. ஓடுகிற பந்தயக் காரில் ஒருவர் பேசுவதைப் பதிவுசெய்ய எந்த மைக்காலும் முடியாது. முகத்தையும் பேச்சையும் ஸ்டூடியோவிலும், காரையும் களத்தையும் வெளியிலும் எடுத்து இரண்டையும் தைத்தார்கள். அந்தத் தையல் தெரியத்தான் செய்கிறது. பேசும்படம் தன் கைவேலையைக் கற்றுக்கொண்ட விதம் அந்தத் தையலில்தான் பதிந்திருக்கிறது.

ஒலியைப் பற்றிய குற்றச்சாட்டில் பாதி நியாயம் உண்டு. எஞ்சின் சத்தங்களில் பெரும்பகுதி பின்னால் சேர்த்தது; திரையில் தெரியும் அதே காரின் சத்தம் என்று நம்பி அதிலிருந்து எஞ்சினை ஆராயக் கூடாது. ஆனால் 1929இல் மெட்ரோ கோல்ட்வின் மேயர் இண்டியானாபொலிஸிலேயே எடுத்த 'ஸ்பீட்வே' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பேச்சு கிடையாது, இசையும் ஓசையும் மட்டும் சேர்த்தார்கள். மறு ஆண்டு பாரமவுண்டின் 'பர்னிங் அப்' பேசுகிறது. 1932இல் ஹாக்ஸின் ஓட்டுநர்கள் பட்டறைப் பேச்சை ஒருவர்மேல் ஒருவர் வீசுகிறார்கள். கார் கண்ணில் படும் முன்பே அதன் இரைச்சல் வந்துவிடுகிறது. மௌனப்படத்தில் கையசைத்த கூட்டம் இங்கே வாய்விட்டு அலறுகிறது. மூன்றே ஆண்டுகளில் நடந்த மாற்றம் இது. வேகத்தைக் காதால் உணர்த்தலாம் என்று திரைத்தொழில் கண்டுபிடித்த இடம் இந்தப் படங்கள்தான். ஒலிக்காக ஆஸ்கர் வாங்கிய 'கிராண்ட் பிரீ' அந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது.

3. செய்திப்படம் இருக்கிறதே என்பவர்கள் செய்திப்படத்தை உட்கார்ந்து பார்த்தார்களா?

செய்திப்படக்காரருக்கு வேண்டியது மூன்று: தொடக்கம், விபத்து, வென்றவரின் எண்ணெய் வழியும் சிரிப்பு. ஒரு பந்தயத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம். கதைப்படக்காரருக்கு வேண்டியது அதற்கு இடைப்பட்ட எல்லாம். காரைத் தள்ளிக்கொண்டு வருவது, பிட்டில் சக்கரம் மாற்றுவது, பெட்ரோல் ஊற்றுவது, மெக்கானிக் எந்தப் பக்கமாக ஏறி உட்காருகிறார் என்பது, மூடி திறந்த எஞ்சினைச் சுற்றி நிற்கும் ஆட்கள், கூட்டம் எதைத் தின்றுகொண்டு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. அவர் களத்தை வாடகைக்கு எடுத்து, வேண்டிய இடத்தில் கேமராவை வைத்து, வேண்டியதைத் திரும்பச் செய்யச் சொல்லி எடுப்பார்.

பழைய மில்லர், டூசன்பெர்க் பந்தயக் கார்களைச் சீரமைப்பவர்களுக்கு இந்தக் காட்சிகள் ஏன் பொக்கிஷம் என்பது இதனால்தான். பந்தயக் கார் ஒரே உருவத்தில் இருப்பதில்லை. ஒவ்வொரு பருவத்துக்கும் மூக்கும் வாலும் மாறும், எஞ்சின் மாறும், உரிமையாளர் மாறுவார். ஒரு பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் இருந்தது, சைலன்ஸர் குழாய் எங்கே வளைந்தது என்பதைப் பத்திரிகைப் புகைப்படம் ஒரு கோணத்தில்தான் காட்டும். நகரும் படம் காரைச் சுற்றி வந்து காட்டும்.

களங்களும் அப்படியே. இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ், 1907இல் திறந்த கான்கிரீட் சரிவுப் பாதை. 1939 ஆகஸ்டுக்குப் பிறகு அங்கே பந்தயமே நடக்கவில்லை. விமானத் தொழிற்சாலைகளுக்காகப் பாதையை உடைத்தார்கள். அது உயிரோடு இருந்தபோது அங்கே எடுத்த கதைப்படம் 1935இல் வந்த 'டெத் டிரைவ்ஸ் த்ரூ'. லீஜன் ஆஸ்காட் இருந்த இடத்தில் இன்று குடியிருப்புகள். இண்டியானாபொலிஸ் களத்தின் முப்பத்திரண்டு லட்சம் செங்கற்கள்மேல் 1936 முதல் படிப்படியாகத் தார் விழுந்தது. முழுக்கச் செங்கல்லாக இருந்த அந்தப் பாதை காரையும் ஆளையும் எப்படிக் குலுக்கியது என்பதை 1932 படம் காட்டுகிறது.

4. ஒரு பிரதி இருந்தால் போதும் என்பது எந்தப் பிரதியை?

'தி க்ரவுட் ரோர்ஸ்' முதலில் வெளிவந்தபோது சுமார் 85 நிமிடம். இன்று புழங்குவது 70 நிமிடம். கால் மணி நேரக் காட்சிகள் நம் கண்ணில் படுவதில்லை. அதே 1932இல், ஜான் காபின் நடித்த பிரெஞ்சு வடிவம் 'லா ஃபூல் உர்ல்' வந்தது; பந்தயக் காட்சிகள் அதற்கும் பயன்பட்டன. 1939இல் வார்னர் இதையே 'இண்டியானாபொலிஸ் ஸ்பீட்வே' என்று மறுபடி எடுத்தார்கள். பழைய பந்தயக் காட்சிகளை அதில் செருகினார்கள். ஸ்பட்டாக இரண்டு படங்களிலும் ஃபிராங்க் மக்ஹ்யூவே நடித்தார். 1956இல் வார்னரின் பழைய படங்கள் தொலைக்காட்சிக்கு விற்கப்பட்டதும் 16 மி.மீ. பிரின்ட்டுகள் அமெரிக்கா முழுக்கப் பரவின. ஆக இது ஒரு படம் இல்லை, ஒரு குடும்பம். எதில் எது இருக்கிறது, எதில் எது வெட்டுப்பட்டது என்று ரீலை ரீலோடு வைத்து ஒப்பிட்டால்தான் தெரியும்.

அந்த வேலையைப் பொறுமையாகச் செய்கிறவர் சேகரிப்பாளர். அவர் பிரின்ட்டைக் கையில் எடுத்ததும் முதலில் முகர்ந்து பார்ப்பார். வினிகர் வாடை அடித்தால் அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது, நாள் அதிகமில்லை. பிறகு சுருளின் ஓரத்தை விளக்குக்கு எதிரே பிடிப்பார். கோடாக் நிறுவனம் ஓரத்தில் அச்சிட்ட வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற குறிகள் சுருள் எந்த ஆண்டில் தயாரானது என்பதைச் சொல்லும். அதே குறி இருபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருமாதலால், ஒட்டுக்களையும் தலைப்பு அட்டையையும் வேறு சேர்த்துப் பார்த்துத்தான் அவர் முடிவுக்கு வருவார். பிறகு நீளத்தை அளந்து, தெரிந்த மற்றப் பிரதிகளோடு வைத்துப் பார்ப்பார். இவ்வளவும் தெரிந்தவரைப் பதுக்கல்காரர் என்பது அநியாயம்.

சேகரிப்பாளர்களால் என்ன முடியும் என்பதற்குப் பெரிய சாட்சி வைட்டஃபோன் புராஜெக்ட். பேசும்படத்தின் தொடக்கத்தில் வார்னர் படங்களுக்கு ஒலி தனி இசைத்தட்டில் வந்தது. படம் ஓரிடத்திலும் தட்டு வேறிடத்திலும் போய், இரண்டும் ஊமையாகிக் கிடந்தன. 1991இல் சில ஆர்வலர்கள் சேர்ந்து தொடங்கிய இந்த அமைப்பு, தனியார் வீடுகளில் கிடந்த ஆயிரக்கணக்கான தட்டுகளைத் தேடிக் கண்டுபிடித்து, காப்பகங்களில் இருந்த படங்களோடு சேர்த்து வைத்தது. பரணில் தட்டை வைத்திருந்தவர்கள் 'இதற்கு மதிப்பில்லை' என்று தூக்கிப் போட்டிருந்தால், அந்தப் படங்கள் இன்றும் வாயசைத்துக்கொண்டிருக்கும்.

5. பழைய நினைவில் மயக்கமா? யாருடைய நினைவு?

இன்று இந்தப் பிரின்ட்டுகளைத் தேடுகிறவர்களில் 1932இல் பிறந்தவர்களே அரிது. பார்க்காத களத்தின்மேல், கேட்காத எஞ்சின்மேல் நினைவேக்கம் எப்படி வரும்? அவர்களை இழுப்பது ஆராய்ச்சி ஆசை. விலைக்காக வாங்குகிறவர்கள் உண்டு, போஸ்டர் சந்தையில் அவர்கள் கை ஓங்கியும் இருக்கிறது. ஆனால் அவர்கள் சுருங்கிப்போன 16 மி.மீ. ரீலைத் தேடிப் போவதில்லை. மாஸ்காட் நிறுவனம் 1934இல் பன்னிரண்டு பகுதிகளாக எடுத்த 'பர்ன் எம் அப் பார்ன்ஸ்' தொடரின் நடுப்பகுதி ஒன்றுக்காகக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதுமில்லை.

6. மலிவுப் படங்களில் யார் என்ன கற்றார்கள்?

1933இல் வந்த 'மணி ஃபார் ஸ்பீட்', மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பற்றிய சிறிய பிரிட்டிஷ் படம். படத்தொகுப்பு டேவிட் லீன். நடித்தவர்களில் ஐடா லுப்பினோ. 'டெத் டிரைவ்ஸ் த்ரூ' கதையில் கைவைத்தவர்களில் ஒருவர் ஜான் ஹியூஸ்டன். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் முதன்முதலில் நாயகனாக முன்னிறுத்தப்பட்டது 1936இல் மெட்ரோவின் 'ஸ்பீட்' படத்தில், கார் சோதனை ஓட்டுநர் வேடத்தில். ஜெர்மனியில், 1932இல் ஆவுஸ் களத்தில் கராச்சியோலாவை வென்ற மான்ஃபிரெட் ஃபொன் பிராவுஹிச் அதே ஆண்டில் 'கம்ஃப்' என்ற பந்தயப் படத்தில் நாயகனாகவே நடித்தார். அமெரிக்காவின் ஒரு ஸ்டூடியோ மலிவுச் சரக்காகத் தட்டிவிட்ட வகை என்று இதை ஒதுக்குகிறவர்கள் இந்த வரிசைக்குப் பதில் சொல்லட்டும்.

7. வெட்டி எடுத்தால் போதும் என்ற யோசனை புதிதா?

அதை 1939இலேயே செய்து பார்த்தாகிவிட்டது. 'இண்டியானாபொலிஸ் ஸ்பீட்வே' பழைய படத்தின் பந்தயக் காட்சிகளை எடுத்துக்கொண்டது. 1938 முதல் மெக்கானிக் கட்டாயமில்லை. பாதையில் பெரும்பகுதி தாராகிவிட்டது. அந்தப் படத்தில் செங்கல் பாதையில் இருவர் அமர்ந்த கார்கள் பாய்கிறபோது, விவரம் தெரிந்தவருக்கு மட்டும் அது ஏழாண்டுப் பழைய காட்சி என்று புரியும். மற்றவர்கள் 1939 என்றே எடுத்துக்கொள்வார்கள். கதையைக் கழற்றி எறிந்துவிட்டுக் காட்சியை மட்டும் வைத்திருந்தால் எல்லாத் துணுக்குக்கும் இதுதான் நேரும். அந்த விபத்து நிஜமாக நடந்ததா, கேமராவுக்காக நடத்தியதா? ஓட்டுகிறவர் ஃபிரெட் ஃபிரேமா, சண்டைக் கலைஞரா? களம் ஆஸ்காட்டா, இண்டியானாபொலிஸா? எந்தக் காட்சிக்கு முன்னும் பின்னும் அது வந்தது என்பது தெரிந்தால்தான் இவற்றுக்கு விடை கிடைக்கும். அந்த முன்னும் பின்னும்தான் எல்லோரும் குப்பை என்கிற கதை.

காப்பகங்களிடம் பணம் குறைவு என்பது உண்மை. எதை முதலில் காப்பது என்று அவர்கள் வரிசைப்படுத்தித்தான் ஆக வேண்டும். அந்த வரிசையில் இந்தப் படங்களைக் கடைசியில் தள்ளுவதற்கு இதுவரை சொல்லப்பட்ட காரணங்கள் போதாது. செய்ய வேண்டியவையும் எட்டாத காரியங்கள் இல்லை. 'தி க்ரவுட் ரோர்ஸ்' படத்தின் 85 நிமிடப் பிரதியைத் தனியார் கைகளிலும் வெளிநாடுகளிலும் தேட வேண்டும். பிரெஞ்சு வடிவத்தையும் 1939 படத்தையும் அதோடு ஒப்பிட்டு, காட்சிக்குக் காட்சி பட்டியல் போட வேண்டும். அந்தப் பட்டியலில் நடிகர் பெயரோடு கார் எண், ஓட்டுநர், மெக்கானிக், களம் எல்லாம் ஏற வேண்டும். வால் பகுதியின் வளைவைப் பார்த்தே காரின் பெயரைச் சொல்லத் தெரிந்தவர்கள் சேகரிப்பாளர்களிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது; ஆகவே பட்டியலுக்கு உதவக் கேட்கும் அழைப்பு காப்பகங்களிடமிருந்து அவர்களுக்கு இப்போதே போக வேண்டும்.